கால்மிதிக்குக் கீழே: பட்டறைக்காரர் பதில்கள்

இந்த மாதக் கடிதக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். காருக்குள் தண்ணீர், தரைத் தகட்டில் துரு. சரி, இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை. முப்பத்தெட்டு வருடமாக டிங்கரிங் வேலை பார்க்கிறேன். அதில் பாதி நாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்ததுதான். அங்கிருந்து பார்த்ததை வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் காருக்கு 14 வயது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடி எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. போன வாரம் கார்பெட்டைத் தூக்கித் தடவிப் பார்த்தேன், விரல் தகட்டுக்குள் போய்விட்டது. சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை. ஃபைபர் ஒட்டி மேலே தார் பூசிவிடலாம், அரை நாள் வேலை என்கிறார் ஒருவர். செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி வந்தது என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். தண்ணீர் மேலே எங்கோ புகுந்து, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சில் தேங்கி, மாதக்கணக்கில் தகட்டை உள்ளிருந்தே தின்று, கடைசியில் அந்த ஓட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போயிருக்கிறது. ஓட்டையை மட்டும் அடைத்தால் பக்கத்துத் தகட்டைத் தின்னத் தொடங்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதைச் செய்திருக்கிறேன். இதே இடத்தில் ஒரு காருக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தேன். வேலை லட்சணமாக இருந்தது. எட்டு மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. நான் வைத்த தகடு வைத்த மாதிரியே இருக்கிறது, அதைச் சுற்றி நாலு பக்கமும் பழைய தகடு சருகு மாதிரி உதிர்கிறது. வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம்தான் வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மக்கிய இலை ஒரு கூடை. நடுவில் ஒரு செடி முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. கண்ணாடியில் விழும் மழைநீர் அந்தக் குழிக்குள் இறங்கி, ஓரத்து வடிகுழாய் வழியாகச் சக்கரப் பக்கம் போக வேண்டும். குழாய் அடைத்ததும் தண்ணீர் மட்டம் ஏறி, புளோயர் காற்று இழுக்கும் வாய் வழியாக நேரே பக்கத்து இருக்கையின் காலடியில் ஊற்றியிருக்கிறது. செடியை வேரோடு பிடுங்கிக் கம்பியால் குழாயைக் குத்தி விட்டேன். ஐந்து நிமிட வேலை. அதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு தரை பிழைத்திருக்கும்.

ஆகவே முதலில் தண்ணீரை விசாரியுங்கள். ஒரு வெள்ளைத் துணியைக் கார்பெட்டுப் பஞ்சில் அழுத்தி எடுங்கள். பச்சை, இளஞ்சிவப்பு என்று நிறமும் வழவழப்பும் தித்திப்பான வாடையும் இருந்தால் அது மழைநீர் இல்லை, இன்ஜின் கூலன்ட். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (கூலன்ட் ஓடிக் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது என்று அர்த்தம். முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பசையாக மங்குவதும் அதற்கு அடையாளம். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம். மழையே இல்லாத நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு சுத்தமான ஜில்லென்ற தண்ணீர் நின்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஓடுகிற வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர் உள்ளே சொட்டுகிறது, அவ்வளவுதான். மழை பெய்தாலோ வண்டி கழுவினாலோ மட்டும் நனைகிறது என்றால் மேலே எங்கோ வாசல் இருக்கிறது.

அந்த வாசலைத் தேட இரண்டு பேர் வேண்டும். கார்பெட்டை முழுவதும் மடக்கித் தகட்டைத் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் பொடியை லேசாகத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே குந்திக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது, மழை மாதிரி வழியவிட வேண்டும். கீழிருந்து மேலே போவதுதான் முறை: முதலில் சக்கரப் பக்கம், அப்புறம் கதவின் அடிப்பகுதி, கதவுக் கண்ணாடி, வைப்பர் குழி, முன்கண்ணாடி ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் நின்று நிதானமாக விடுங்கள். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனையும், எது வாசல் என்று தெரியாது.

இதில் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு வண்டியில் பின் இருக்கையின் காலடிதான் நனைந்துகொண்டிருந்தது. பின்கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டையை, அதாவது பீடிங்கை, இரண்டு முறை மாற்றியும் பலன் இல்லை. மூன்றாவது முறை நானே உள்ளே படுத்துக்கொண்டு கைப்பையனைத் தண்ணீர் விடச் சொன்னேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது டார்ச் வெளிச்சத்தில் ஒரு மினுக்கல். இன்ஜின் பக்கத்துத் தடுப்புத் தகட்டில் வயர்க்கட்டு நுழையும் துளையில் ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. அங்கே ஒரு சொட்டு திரண்டு, வயரைப் பிடித்தபடியே ஊர்ந்து, வளைவு வரும் இடத்தில் கொஞ்சம் நின்று, கீழே விழாமல் அடுத்த வயருக்குத் தாவி, கதவு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிப் பின்னால் போனது. நுழைந்த இடத்துக்கும் தேங்கிய இடத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நீளம்.

சோப்பு நீர் வைத்தும் பார்க்கலாம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்று வரும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே கண்ணாடி விளிம்பு, பீடிங், டெயில் லேம்ப் ஓரம் எல்லாம் சோப்பு நீர் தெளித்தால் இடுக்கு உள்ள இடத்தில் குமிழி வரும். பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

கதவைப் பற்றி ஒன்று. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் போவது இயல்பு. அதற்காகத்தான் கதவின் அடியில் துளைகள் உண்டு. உள்பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் பசை வைத்து ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றியவரோ பவர் விண்டோ பார்த்தவரோ அதைக் கிழித்துவிட்டு ஒட்டாமல் விட்டிருந்தால், அங்கிருந்து தண்ணீர் உள்ளே வரும். என்னிடம் வரும் ‘மர்ம ஒழுக்கு’களில் இது நிறைய. மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை உள்ள வண்டி என்றால் அதன் மூலைகளிலிருந்து இறங்கும் மெல்லிய வடிகுழாய்களையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணே, துளை சின்னதுதான். வெல்டிங் இல்லாமல் ஃபைபரும் ரெசினும் வைத்து நானே வீட்டில் அடைத்துக்கொள்ள முடியாதா?

துளை சின்னது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பெயிண்ட்டும் தாரும் பிடித்துக்கொண்டிருப்பதால் தெரிவதுதான் அந்த அளவு. ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஓட்டையைச் சுற்றிக் குத்திக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று எதிர்த்து நிற்கும். கெட்டது ‘சொத்’ என்று உள்வாங்கும். பொத்தான் அளவு என்று வந்த ஓட்டை உள்ளங்கை அளவில் போய் நிற்பது எனக்குப் பழகிப்போன காட்சி. குத்தப் பயப்படாதீர்கள். நீங்கள் உடைக்கவில்லை, ஏற்கெனவே உடைந்ததைப் பார்க்கிறீர்கள்.

குத்தி முடித்ததும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இருக்கை போல்ட் இறங்கும் இடம், சீட் பெல்ட் பிடிப்பு, ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, தரைக்கு அடியில் கவிழ்த்து வைத்த குறுக்குச் சட்டங்கள். இவற்றிலோ இவற்றை ஒட்டியோ இருந்தால் ஃபைபர் பேச்சே கூடாது. தனி சேஸி (அடிச்சட்டம்) மேல் பாடியை உட்காரவைத்த காலம் வேறு. 1934-இல் வந்த சிட்ரோன் டிராக்‌ஷன் அவான் காலத்திலிருந்தே தனி சேஸி இல்லாத கார்கள் பெருமளவில் தயாராகின்றன. இன்றைக்கு ஓடும் கார்கள் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றில் தரைத் தகடும் எலும்பில் சேர்த்தி. மோதினால் பாரம் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு.

இரண்டு சட்டங்களுக்கு நடுவே, பாரம் இல்லாத சமதளத்தில், ஒரு விரல் நுழையும் ஓட்டை, சுற்றிலும் தகடு கெட்டி என்றால் தற்காலிகமாக ஃபைபர் வைக்கலாம். துருவை வெள்ளைத் தகடு தெரியும்வரை உரசி எடுத்து, குழிகளில் ஒட்டியிருக்கும் மிச்சத்துக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசி, அது கறுத்துக் காய்ந்த பிறகு வையுங்கள். பொருக்குப் பொருக்காக நிற்கும் துரு மேல் அதைப் பூசினால் மேல்தோல் மட்டும்தான் கறுக்கும், உள்ளே பழையபடி வேலை நடக்கும். பெயிண்டிங்குக்குப் பூசும் பட்டியை வைத்து ஓட்டை அடைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும்.

இன்னொன்று, இதைப் பல பேர் செய்கிறார்கள். குளியலறை இடுக்குக்குப் போடும் சிலிக்கானைக் கொண்டுவந்து தரையில் அப்புவது. அழுத்தினால் காடி (வினிகர்) நெடி அடிக்கிறதே, அந்த வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. துருவை நிறுத்த அமிலத்தைக் கொடுத்த கதைதான். பாடி வேலைக்கென்றே பாலியூரித்தேன் சீம் சீலர், அதாவது தகட்டு இணைப்பில் தடவும் பசை, இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடைக்கும்வரை ஓட்டையோடு ஓட்டுவதாக இருந்தால் சைலன்சர் குழாய் எங்கே ஓடுகிறது என்று குனிந்து பாருங்கள். அதில் கசிவும் இருந்து, தரையில் ஓட்டையும் இருந்தால் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

கேள்வி: என் வண்டியைப் பார்த்த வெல்டிங்காரர், சீட்டைக்கூடக் கழற்ற வேண்டாம், பழைய தகட்டின் மேலேயே புதுத் தகடு போட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் வண்டி எரியவும் நேரம் இருக்கிறது, அம்மா.

பயமுறுத்தச் சொல்லவில்லை. தரையில் சத்தம் குறைக்க ஒட்டியிருக்கும் கறுப்புத் தார் ஷீட், கார்பெட், பஞ்சு, இருக்கை, எல்லாம் பற்றிக்கொள்ளும் பொருள்கள். தகட்டுக்கு மறுபக்கம் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. என் பட்டறையில் ஒருமுறை வெல்டிங் முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டோம். கால் மணி நேரம் கழித்து லேசாகத் தார் நாற்றம். ஓடி வந்து பார்த்தால் நாங்கள் சுரண்டி எடுத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, எடுக்காமல் விட்ட தார் ஷீட் தீக்கங்கு மாதிரி கனன்றுகொண்டிருக்கிறது. ஈரச் சாக்கால் அமுக்கினோம். அன்றிலிருந்து வெல்டிங் முடிந்து அரை மணி நேரம் வண்டியை விட்டு நகரக் கூடாது என்று சட்டம். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கும்.

முறையான வேலை எப்படி என்று சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க உதவும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்ட பிறகே அதைத் தொட வேண்டும். சீட், கார்பெட், பஞ்சு வெளியே வர வேண்டும். தார் ஷீட்டை வெட்டும் இடத்தைச் சுற்றித் தாராளமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அடியில் ஓடும் குழாய்களையும் வயர்களையும் கழற்றவோ ஒதுக்கவோ வேண்டும். கண்ணாடிகளைக் கனமான துணியால் மூட வேண்டும். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் அப்படியே பதிந்துவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது.

கெட்ட தகட்டை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். பழைய துருவின் மேலேயே தகட்டைப் போட்டு மூடினால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருமன். உள்ளே ஊதி ஊதி, போட்ட தகட்டையே பிதுக்கித் தள்ளிவிடும். வெட்டும்போது மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள், கூரான மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

புதுத் தகடு பழையதன் கனத்திலேயே இருக்கட்டும். கார்த் தரை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் போட்டால் பலம் என்று நினைக்க வேண்டாம். கனத்த தகடு உருகுவதற்குள் பக்கத்து மெல்லிய தகடு பொத்துப்போகும். முதலில் அட்டையில் அச்சு வெட்டி, பள்ளம் மேடு எல்லாம் சுத்தியலால் தட்டிப் படியவைத்து, விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டர் போல மேலே ஏறி உட்காரும்படி வைப்போம். சேரும் இரு முகத்திலும் துத்தநாகம் கலந்த, வெல்டிங் தாங்கும் பிரைமர். ஆர்க் வெல்டிங் வேண்டாம், மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். சி.ஓ.டூ வெல்டிங் (வாயு பாய, கம்பி தானாக வந்து உருகும் வகை), 0.8 மி.மீ. கம்பி. ஒரே இழுப்பாக ஓட்டக் கூடாது. இங்கே விரல் அகலம், எதிர்ப்பக்கம் விரல் அகலம், ஆறவிட்டு நடுவில் இன்னொன்று என்று போக வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் தகடு அலை அலையாக முறுக்கிக்கொள்ளும்.

ஜிங்க் பூசிய தகடு போடுவதாக இருந்தால் வெல்டிங் விழும் விளிம்பில் பூச்சை உரசி எடுத்துவிட வேண்டும். வாலிப முறுக்கில் நான் அதை எடுக்காமல், கதவையும் மூடிக்கொண்டு அடித்தேன். அன்று ராத்திரி பல் கிட்டிப்போகும் குளிர் காய்ச்சல். போர்வைக்குள் கிடந்தேன், மறுநாள் மாலை ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிவிட்டது. துத்தநாகப் புகை செய்கிற வேலை அது.

வெல்டிங்கோடு வேலை முடியவில்லை. உருகிய கோட்டில் ஊசித் துளைகள் நிற்கும். இருட்டில் அடியிலிருந்து டார்ச் அடித்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். அவற்றையும் வெல்டிங் வைத்து அடைத்து, உரசி, பிரைமர் பூசி, மேலும் கீழும் சீம் சீலர் தடவி, அது காய்ந்த பிறகு பெயிண்ட், அடியில் துரு பிடிக்காமல் காக்கும் கறுப்புப் பூச்சு, அதாவது அண்டர்கோட்டிங். இத்தனையும் ஒரு மணி நேரத்தில் ஆகாது, ஒரு நாளிலும் ஆகாது.

கேள்வி: தண்ணீர் தேங்குகிற இடத்தில் டிரில் போட்டு ஒரு ஓட்டை வைத்துவிட்டால் வடிந்துவிடுமே?

வடியும். சாலைத் தண்ணீர் அதே வழியாக மேலேயும் வரும், டிரில் போட்ட விளிம்பு முதல் ஆளாகத் துருப்பிடிக்கும். தரையில் ரப்பர் மூடி போட்ட துளைகள் ஏற்கெனவே இருக்கும், தடவிப் பாருங்கள். தொழிற்சாலையில் பாடியைப் பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுக்கும்போது வடிவதற்காக விட்டவை. அவசரத்துக்கு அதில் ஒன்றைக் கழற்றி வடித்துவிட்டு, மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். கல் மாதிரி இறுகிப்போன மூடியை மாற்றிவிடுங்கள். அதன் வழியாகவே ஒழுகுகிற வண்டிகளும் உண்டு.

கேள்வி: வருடா வருடம் அண்டர்கோட்டிங் அடித்தும் என் வண்டியில் துரு வந்துவிட்டது. எப்படி?

கழுவாமல், காயாமல், இருக்கிற துரு மேலேயே அடித்திருப்பார்கள். கறுப்புப் பூச்சு எங்காவது தோல் மாதிரி உரிந்தால் அதற்குப் பின்னால் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாது. நகத்தால் கீறிப் பாருங்கள். சில சமயம் அகலமாக உரிந்து வரும், பின்பக்கம் துரு அச்சாக ஒட்டியிருக்கும். இன்னொன்று, கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டின் அடியில் சின்ன வடிதுளைகள் உண்டு. ஸ்ப்ரே அடிக்கும் அவசரத்தில் அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். உள்ளே இறங்கிய தண்ணீருக்கு அப்புறம் வெளியே வர வழி ஏது? கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பெட்டித் தகட்டின் உட்புறத்துக்கு மெழுகு வகைப் பூச்சு இருக்கிறது. நீளக் குழாயை உள்ளே விட்டு அடிக்க வேண்டும். கடலோரத்திலோ, பனிக்கு உப்புத் தூவும் சாலையிலோ ஓடுகிற வண்டிக்கு வெளியே அடிப்பதைவிட அதுதான் முக்கியம் என்பேன்.

கேள்வி: ஒழுக்கை அடைத்துவிட்டேன். தரையும் சரி. ஆனாலும் பூஞ்சை நாற்றம் போகவில்லை. சில நாள் கதவுக் கண்ணாடி தானாக இறங்குகிறது. பேய் ஏதும் பிடித்திருக்கிறதா?

பேய் இருக்கிறது, கார்பெட்டுக்கு அடியில். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், கீழே மூன்று விரல் கனத்துக்குப் பஞ்சு. அது வாரக்கணக்கில் காயாது. வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது. சீட்டைக் கழற்றி, கார்பெட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் போட்டுக் காயவைக்க வேண்டும். பஞ்சு பிய்ந்து வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைக்கவும். ஒருமுறை நான் ஒரு கார்பெட்டைப் பிழிந்தபோது வாளி நிரம்பியது. வண்டிக்காரர் அதுவரை ‘லேசான ஈரம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி தானாக இறங்குவதும் அதே தண்ணீரின் வேலையாக இருக்கலாம். பல வண்டிகளில் வயர்க்கட்டு கதவு ஓரத்துப் பள்ளத்தில்தான் ஓடுகிறது. சிலவற்றில் கன்ட்ரோல் பெட்டியே காலடியில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அங்கே உள்ள கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள். முள்ளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். முள் அரித்துப்போயிருந்தால் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், முறுக்கி டேப் சுற்றாதீர்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறேன். தரை நன்றாக இருக்கிறதா என்று விற்பவர் எதிரிலேயே எப்படிப் பார்ப்பது?

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்குங்கள். அந்தக் குழியில் தண்ணீர்க் கோடோ துருவோ இருந்தால் மீதியையும் சந்தேகப்படலாம். முன் இருக்கையின் போல்ட் தலைகளில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி ஒருநாள் தண்ணீருக்குள் நின்றிருக்கிறது. அப்புறம் கதவு ஓரத்து பிளாஸ்டிக் பட்டையை விற்பவரின் அனுமதியோடு நெம்பி, கார்பெட் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விடுங்கள். அனுமதிக்க மறுத்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடிப்பக்கம் எல்லாம் பழசாக இருந்து, ஓர் இடத்தில் மட்டும் புதுத் தார் மினுமினுத்தால் அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கூர்முனையால் குத்தாதீர்கள். வண்டி இன்னும் உங்களுடையது ஆகவில்லை.